பூஜையில் இருந்த லைசென்ஸ்

பிள்ளைகளா, அம்பத்தூரை விட்டு நாம் ஏன் திருநின்றவூருக்கு வந்தோம் என்று நீங்கள் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஏரிக்காற்று உடம்புக்கு நல்லது என்று உங்கள் அம்மா சொல்லிச் சமாளிப்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தவன் நான், எழுத்து கோணலாகத்தான் வரும். இருந்தாலும் வாயால் சொல்ல வராததை எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அம்பத்தூரில் நாம் இருந்தது வீடு என்று சொல்ல முடியாது. முதலாளியின் லேத் பட்டறைக்குப் பின்னால், கார் ஷெட்டை ஒட்டி ஒரே ஒரு அறை. பகலெல்லாம் இரும்பு சீவுகிற சத்தம். ஆனால் வாசலிலேயே குழாய் இருந்தது. பெரியவன் படித்த பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். சின்னவள் பிறந்ததும் அந்த அறையில்தான். "காரை நீ ஓட்டுற வரைக்கும் ரூம் உன்னுதுப்பா" என்று என்னை வேலைக்குச் சேர்க்கும்போதே முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சின் மேல்தான் நாம் குடியிருந்தோம்.

அன்றைக்கு ஆயுத பூஜை. காலையிலேயே பட்டறை மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. அம்பாசிடரை நான் கழுவித் துடைத்து, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு நிறுத்தியிருந்தேன். முதலாளி பூஜைப் பலகையில் கணக்குப் புத்தகம், அளவு பார்க்கிற கருவிகள், காரின் காகிதங்கள் எல்லாவற்றையும் அடுக்கினார். "உன் லைசென்ஸையும் குடுப்பா, உனக்கும் அதுதானே ஆயுதம்?" என்று கை நீட்டினார். கொடுத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் இன்னொரு முறை கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது. இது உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு ஒரு நாள் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்று நீங்கள் குதிப்பீர்களே, அதே வழக்கம்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், முதலாளி ஆவடியிலிருந்து தன் மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். "லைசென்ஸ் மட்டும்..." என்று இழுத்தேன்.

"பூஜையில வெச்சதை எடுக்கறதாவது! சாமியே காவலுக்கு வராரு, போயிட்டு வாப்பா" என்றார்.

போனேன். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டுத்தான் போனேன்.

திருமுல்லைவாயில் தாண்டி ஒரு சைக்கிள் கடை. அதன் எதிரே நடு ரோட்டில் யாரோ திருஷ்டி கழித்துப் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். குங்குமமும் விதையுமாக ரோடு சிவந்து கிடந்தது. அதைப் பார்த்து நான் ஓரம் கட்டி வேகத்தைக் குறைத்தேன். எதிரே வந்த பழைய கறுப்புக் கார் அதைப் பார்க்கவில்லை. அதன் மேல் ஏறி, வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, நேராக என் மேல் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அது வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

யாருக்கும் அடியில்லை. வலது பக்க ஹெட்லைட் நொறுங்கி, மட்கார்டு டயரோடு ஒட்டிக்கொண்டது. ரேடியேட்டர் ஒழுகியது. வாழைக்கன்று முறிந்து அந்தக் கார் மேலேயே கிடந்தது.

அந்தக் காரை ஓட்டி வந்த ஆள் இறங்கி வந்தான். என் வயதுதான் இருக்கும். நெற்றி நிறைய விபூதி.

"அண்ணாத்தே, நான் இன்னா பண்ணுவேன்? பூசணிக்கா இஸ்துக்கினு போயிட்ச்சு!"

சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "இன்னா மாமே, பூஜ போட்ட கையோட ரெண்டு வண்டிக்கும் கண்ணாலம் கட்டிட்டீங்களா? மால கூட கீது!" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

முதலாளி கட்டியிருந்த இன்சூரன்ஸ், நம் காரால் அடுத்தவருக்குச் சேதம் வந்தால்தான் கொடுக்கும். நம் காருக்கு வந்த சேதத்துக்கு மோதியவனின் இன்சூரன்ஸைத்தான் கேட்க வேண்டும். அது எனக்குத் தெரியும். "இன்சூரன்ஸ் பேப்பர் எங்கே?" என்று கேட்டேன்.

"பூஜைல கீது அண்ணாத்தே."

"என்னப்பா விளையாடுறியா? வா, ஸ்டேஷனுக்குப் போகலாம்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "போலாமே. உன் லைசென்ஸ எடு, பாப்போம்."

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. கேலி செய்யவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "உன்னுதும் பூஜைலதான் கீதா?" என்று மெதுவாகக் கேட்டான். பிறகு நம் பட்டறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு, தன் காரில் தொங்கிய மாலையின் மேல் கை வைத்து, "இதும் மேல சத்தியம். காலீல பூஜைய எட்த்த ஒடனே காயிதத்த எட்துகினு உன் பட்டறைக்கு வரேன். அண்ணனூர்ல ரயில் ரோட்டாண்ட, தண்ணி டேங்குக்குப் பின்னாடி என் ஊடு. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்கோ" என்றான்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அன்றைக்கு ஊரில் யாருடைய காகிதம்தான் பூஜையில் இல்லை? என்னுடையதே அங்கேதானே இருந்தது?

கடப்பாரை போட்டு மட்கார்டை நெம்பிவிட்டு, வழியெல்லாம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தேன். மகளும் மாப்பிள்ளையும் காத்திருந்து பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். முதலாளி கத்தவில்லை. காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "மாப்பிள்ளைய பஸ்ஸுல வர வெச்சிட்டே. சரி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த ஆளோட பேப்பர் என் கைக்கு வரணும். வரலைன்னா சாவியக் குடுத்துட்டு, ரூமைக் காலி பண்ணிடு" என்றார்.

மறுநாள் விஜயதசமி. பட்டறை வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். ரோட்டில் எந்தக் கார் வந்தாலும் அதுவாக இருக்கும் என்று கழுத்தை நீட்டுவேன். உச்சி வெயில் ஏறியது. அவன் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணனூருக்குப் போனேன்.

அவன் பொய் விலாசம் சொல்லவில்லை. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஓலைக் கூரை வீடு. பக்கத்தில் மூக்கு நசுங்கிய அந்தக் கறுப்புக் கார். உள்ளே இரண்டு பிள்ளைகள், பூஜையிலிருந்து எடுத்த புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தன. புத்தக அட்டைகளில் சந்தனப் பொட்டு.

அவன் மனைவி வெளியே வந்தாள். பூஜையில் வைத்த காகிதத்துக்காக வந்திருப்பதாகச் சொன்னேன்.

"காயிதமா? இன்னா காயிதம்ணே? பூஜைல பசங்க புக்குதான் வெச்சோம். வேற ஒண்ணும் இல்லியே" என்றாள். ஒளிக்கத் தெரியாத முகம். அவளுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்றே தெரியவில்லை.

காருக்குப் பின்னாலிருந்து அவன் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்ல அண்ணாத்தே. இன்சூரன்ஸ் எப்பவும் கட்னதே இல்ல. காயலான் கடைல கெடந்த வண்டி. நானே பாத்துப் பாத்து ஓட வெச்சேன். பூந்தமல்லிக்குக் காய்கறி ஏத்திகினு போவேன். அதும் இப்போ இப்டி ஆயிட்ச்சு."

"சத்தியம் பண்ணினியேப்பா. எனக்கு வேலை போயிடும். வீடு போயிடும்."

"தெரியும். அதான் வர்ல. வந்து இன்னா மூஞ்சிய காட்டுவேன்? வண்டிய ஓணும்னா எட்துகினு போ."

அந்தக் காரைப் பார்த்தேன். தள்ளிக்கொண்டு போனாலும் ரயில் ரோடு வரைக்கும் வராது. போலீசுக்குப் போனால் அவனைப் பிடிப்பார்கள். பிடித்தால் என் மட்கார்டு நிமிர்ந்துவிடுமா? என் லைசென்ஸ் எங்கே இருந்தது என்று என்னையும் கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் முதலாளி பெயர் வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவன் மனைவி ஒரு காகிதத்தில் பொரியும் கடலையும் கொண்டு வந்து கொடுத்தாள். பூஜைப் பிரசாதம். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஒரு வாய் போட்டுக்கொண்டேன். மீதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். உள்ளே பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டுதான் இருந்தன.

சாயங்காலம் முதலாளியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கை நீட்டினார். இரண்டு நாளில் அவர் என்னிடம் இரண்டாவது முறையாகக் கை நீட்டுகிறார் என்று தோன்றியது. சாவியைக் கொடுத்தேன். அவர் பலகையிலிருந்து என் லைசென்ஸை எடுத்து, ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டுக் கொடுத்தார். என் போட்டோ மேல் குங்குமம் அப்பியிருந்தது.

உங்கள் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்திருந்தாள். "லைசென்ஸை வாங்கி வெச்சது யாரு? அவருதானே? அதைக் கேட்டீங்களா?" என்றாள்.

"கேக்கலை."

அவள் திரும்பிச் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. திருநின்றவூரில் வாடகை குறைவு என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அங்கேதான் போகிறோம் என்றேன். பெரியவன் மட்டும், "அப்பா, அங்க ஸ்கூல் இருக்கா?" என்று கேட்டான். இருக்கும் என்றேன். எனக்கு என்ன தெரியும்?

அடுத்த நாள் பூஜை விடுமுறை முடிந்து ஃபாக்டரிகள் திறக்கிற நாள். விடிகிற நேரத்துக்கே எழுந்து, யாரையும் எழுப்பாமல், சைக்கிளில் திருமுல்லைவாயில் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இனி எனக்கு ஓட்டக் கார் இல்லை, போக வேலை இல்லை, அது ஒன்றுதான் தெரிந்தது. சைக்கிள் கடை இன்னும் திறக்கவில்லை. பூசணிக்காயை மாடு தின்றுவிட்டிருந்தது. ஹெட்லைட் கண்ணாடி மட்டும் ரோட்டில் அப்படியே சிதறிக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முதல் ஷிஃப்டுக்கு ஆவடிப் பக்கம் சைக்கிள்கள் வரிசை வரிசையாக இதன் மேலேயே வரும்.

சட்டைப் பையில் பொரிப் பொட்டலம் அப்படியே இருந்தது. பொரியை ஓரமாகக் காக்கைக்கு வீசிவிட்டு, காகிதத்தைத் தரையில் விரித்தேன். குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கி அதில் போட்டேன். கையில் அகப்படாத பொடியை உள்ளங்கையால் தள்ளித் தள்ளி மண்ணோரம் சேர்த்தேன். தூரத்தில் முதல் சைக்கிள் மணி கேட்டபோது காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தேன்.