பெட்டியிலிருந்து எடுத்த வேட்டி

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாது, வாழ்ந்து முடித்த பெரியவர்களின் பழந்துணியில்தான் சுற்ற வேண்டும் என்பது எங்கள் மரக்காணத்து வீட்டு வழக்கம். அந்தத் துணியைக் கொண்டுவரும் உரிமை அத்தைக்கு. என் மகன் பிறந்தபோது நாத்தனார் தன் அப்பாவின் வேட்டியை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, வெயிலில் கூடக் காட்டாமல், அப்படியே சுற்றினார். பூச்சி அரிக்காமலிருக்கப் போட்ட பாச்சை உருண்டையின் நெடி. தலை வலிக்கிறது என்றேன். பிள்ளை பெற்றவளுக்கு எல்லாமே நாறத்தான் செய்யும் என்றார்கள்.

இரண்டு மூன்று நாளில் குழந்தை மஞ்சளாகித் துவண்டான். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. உப்பளத்திலிருந்து ஓடிவந்த கணவர், காலில் சேற்றோடு வண்டி பிடித்தார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே படுக்க வைத்தார்கள். பிழைத்தான்.

டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். ரத்தச் சிவப்பணுவில் ஜி6பிடி என்றொரு நொதி குறைவு, அது தாய்வழி வந்தது. ஆனால் அந்தக் குறை அது பாட்டுக்குச் சும்மா கிடந்திருக்கும், பாச்சை உருண்டைதான் அணுக்களை உடைத்துவிட்டது. முதல் விஷயம் மட்டும் வீடு வந்து சேர்ந்தது. இரண்டாவது வழியிலேயே இறங்கிக்கொண்டது.

"எங்க வீட்ல யாருக்கும் இப்படி இல்லீங்க. பொண்ணு எடுத்த எடம் அப்படி" என்று நாத்தனார் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வேட்டியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கணவரிடம் அழுதேன். அக்கா மனசு கஷ்டப்படும், விடு என்றார். என் மனசு என்ன உப்பளத்துப் பாத்தியா, ஆளாளுக்கு இறங்கி மிதிக்க?

வேட்டியைத் துவைத்து, புது உருண்டை போட்டு, மறுபடி பெட்டியில் வைத்தார்கள். போன மாசியில் கொழுந்தனாருக்குக் குழந்தை பிறந்தது. அதே வேட்டி வந்தது. வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் போய் அந்தக் குழந்தையின் கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அதற்கு இந்தக் குறை இல்லை போலிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியாம்மா, அதே வேட்டிதான். புள்ள நல்லாத்தான இருக்குது" என்றார் நாத்தனார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதோடு ஒரு சொட்டு ஏமாற்றமும் இருந்தது. ஒரு பச்சைக் குழந்தை நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாற்றப்படுகிற இடத்தில் அல்ல, ஏமாற்றம் அடைகிற இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.