ஜெமைமா வேலியில் மாட்டிய கண்ணாடி

"என் புருஷன் வர்றத நீ எதுக்குடி முதல்ல பாக்குற?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஜெமைமா கத்தினாள்.

"துணி உணத்துறவ கண்ண மூடிக்கணுமாக்கா? படகு வந்துச்சு, பாத்தேன். அவரு தொப்பியத் தூக்கினாரு, கையக் காட்டினேன்" என்றாள் முன்வீட்டு மிர்ட்டில். அவள் ஜெமைமாவின் கொழுந்தன் கிளாரன்ஸின் பெண்டாட்டி.

"அது எனக்குத் தூக்கினது."

"அப்ப நீ வந்து வாங்கிக்க."

எங்கே வந்து வாங்குவது? நியூஃபவுண்ட்லாந்தின் பென்னி தீவில் பிறந்து, பத்தொன்பது வயதில் ஹெட்லியைக் கட்டிக்கொண்டவள் ஜெமைமா. அங்கே அவள் வீட்டு வாசலில்தான் அலை அடிக்கும். காட் மீனோடு ஹெட்லி திரும்பும்போதெல்லாம் அடுப்படி ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்குவான். கல்யாணம் ஆன வாரத்திலிருந்து அப்படித்தான்.

தீவுக்கு இனி டாக்டர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கரைக்கு வந்துவிடுங்கள் என்று அரசாங்கம் சொன்ன வருஷம், நாங்கள் மர வீடுகளையே காலிப் பீப்பாய்மேல் ஏற்றிப் படகால் கடலில் இழுத்து வந்தோம். முதலில் வந்த வீட்டுக்குத் தண்ணீரோர இடம். ஜெமைமா வீடுதான் முதலில் கிளம்ப வேண்டியது. "அடுப்புல ஆறு ரொட்டி கெடக்கு. இப்ப வீட்ட ஆட்டினா எல்லாம் அமுங்கிடும்" என்று வாசலில் குறுக்கே நின்றாள். ரொட்டி நன்றாகத்தான் உப்பியது. அதற்குள் கடல் ஏற்றம் வடிந்து அவள் வீடு தரைதட்டி நின்றுவிட்டது. ஏற்றம் இருந்தபோதே மிதந்துவிட்ட மிர்ட்டில் வீடு முந்திக்கொண்டது. ஜெமைமாவுக்குக் கிடைத்தது அதன் முதுகுப்புறம். ஜன்னலைத் திறந்தால் மிர்ட்டிலின் உள்பாவாடைகள்தான் காற்றில் ஆடும்.

பொறாமையில் சோறு இறங்கவில்லை அவளுக்கு. மிர்ட்டில் வெள்ளை அடித்தால் எரிச்சல், திரை மாற்றினால் எரிச்சல். கடைசியில் கடைப் பட்டியலைப் பார்த்து ஓர் ஆள் உயரக் கண்ணாடியைத் தபாலில் வரவழைத்தாள். வேலி மூலைக் கம்பத்தில் சாய்த்து ஆணி அடித்தாள். அடுப்படியில் நின்றால் படகுத்துறை அப்படியே அதில் தெரிந்தது. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் ஹெட்லியின் படகு வந்தது. அவன் தொப்பியைத் தூக்கினான். மிர்ட்டில் கையைக் காட்டினாள். படகு நகர்ந்தது. ஹெட்லி கழுத்தை நீட்டி, முன்வீட்டுக் கூரைக்குப் பின்னால் தெரியும் புகைபோக்கியைப் பார்த்து, இன்னொரு தடவை தொப்பியைத் தூக்கினான்.

ஜெமைமா மாவுக் கையோடு வேலிக்கு ஓடினாள். "ரெண்டு தடவ தூக்குறாரு! முதல்ல தூக்குறது உனக்கு மரியாதைக்கு, ரெண்டாவது எனக்கு. நாலு வருஷமா ஏண்டி சொல்லல?"

மிர்ட்டில் துணிக் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "என் ஆளு ஒரு தடவகூடத் தூக்கினதில்லக்கா. வாசல்லதான் நிக்கிறேன், நிமிந்துகூடப் பாக்க மாட்டாரு. இதுல உனக்கு ரெண்டுன்னு நானே வந்து சொல்லணுமா?"

ஜெமைமா கை மாவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"அந்தக் கண்ணாடி என்ன விலை?" என்று கேட்டாள் மிர்ட்டில், வேறு எதையாவது பேச வேண்டுமே என்று.

"தபால் கூலியோட நாலு டாலர் எண்பது சென்ட்."