ஓரிக்கை மணலில் கபடி

இன்று நான் வேலை செய்யும் கட்டடத்தில் லாரி மணலைக் கொட்டியது. ஈர மணல் வாசனை. ஓரிக்கைப் பக்கம் பாலாற்றில் நாங்கள் கபடி ஆடிய மணலும் இப்படித்தான் மணக்கும். அதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அங்கே பள்ளமும் முள்ளும்தான்.

நான் காலனிப் பையன். டீக்கடையில் எனக்குத் தனி டம்ளர், தெருவில் யார் மேலும் படாமல் ஒதுங்கி நடக்க வேண்டும், ஆனால் சாயங்காலம் கோடு கிழித்து இறங்கிவிட்டால், தறியைவிட்டு எழுந்து வந்த ஊர்ப் பையன்கள் ஏழு பேரும் என் மேல் விழுந்து, காலையும் இடுப்பையும் கட்டிப்பிடித்து, "எருமை மாரி கனக்கறியேடா" என்று சிரிப்பார்கள். அதற்காகவே சில நாள் வேண்டுமென்று மாட்டிக்கொள்வேன்.

ஒரு ஆடி மாதம் அவர்கள் தீமிதிக்குக் காப்பு கட்டி விரதம் இருந்தார்கள். நான் கபடி பாடிக்கொண்டு உள்ளே போனேன்.

"அவனப் புடிக்காதீங்கடா, காப்பு கட்டிக்கினு இருக்கோம்" என்றான் அவர்கள் கேப்டன்.

எல்லோரும் விலகி வழி விட்டார்கள். ஒருவனைத் தொட்டிருந்தால் பாயிண்ட் எனக்கு. கை நீளவில்லை. கடைசிக் கோடு வரை போய் நின்று, யாராவது பிடிப்பார்கள் என்று, மூச்சு தீரும் வரை கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"அவுட்டு!" என்று தள்ளி நின்று கத்தினார்கள்.