மாமாவின் முதல் கலியாணம்

கவுன்சிலில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். ஒரு திருமணம் செல்லுபடியாக என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: முன்னறிவித்தல், அனுமதி பெற்ற இடம், இரண்டு சாட்சிகள், இருவரின் சம்மதம். என் குடும்பத்துக்கு இந்த அறிவு உண்மையாகத் தேவைப்பட்ட ஒரே சமயத்தில் எனக்குப் பத்து வயது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

அம்மாவின் தம்பியான மாமா, கணக்கியல் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து, மோர்டனில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் தங்கியவர். அந்தப் படிப்பு எந்த இடத்தில் நின்றது என்பது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அவர் நாடகத்தில் நடிக்கிறார் என்று தெரியவந்தபோது ஏற்கெனவே இரண்டு மேடைகளில் ஈட்டி பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு தொலைக்காட்சி. பஸ் கண்டக்டராக வந்து டிக்கெட் கிழித்தார். வைத்தியராக வந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு வருத்தம் தெரிவித்தார். ஒருமுறை ஆற்றில் பிணமாக மிதந்தார். முகம் தண்ணீருக்குள் இருந்ததால் அம்மா முதுகை வைத்துத் தம்பியை அடையாளம் கண்டார். கணக்காளரான அப்பா இவற்றையெல்லாம் உத்தியோகம் என்று ஏற்க மறுத்தார்.

அந்த நிலையில்தான் ஒரு கடைத்தெருவைப் பற்றிய வாராந்தத் தொடரில் மாமாவுக்கு மளிகைக் கடைக்காரர் வேடம் கிடைத்தது. அந்தக் கடைக்காரருக்குப் பெயர் இருந்தது. முடிவில் ஓடும் எழுத்துகளில் அந்தப் பெயருக்கு எதிரே மாமாவின் பெயர் வரும்வரை வீட்டில் யாரும் எழும்ப அனுமதி இல்லை. அப்பாவும் எழும்பவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

அதன் பலத்தில் மாமாவுக்கு ஒரு சம்பந்தமும் பேசிவந்தது. சவுத்தாலில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்தவரின் மகள். பெரியவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவோ இல்லாத இருமலுக்கு மருந்து வாங்க மோர்டனிலிருந்து சவுத்தாலுக்கு மாதக்கணக்காகப் போய்வந்துகொண்டிருந்தார்.

அப்போது தொடரில் கடைக்காரருக்குக் கலியாணம் வைத்தார்கள். மணப்பெண்ணாக நடித்தவள் குஜராத்தி நடிகை. நம்மவர் கலியாணம் எப்படி இருக்கும் என்று தயாரிப்பாளர்கள் கேட்க, மாமா தன் கலையின் மேல் இருந்த பக்தியால் கொஞ்சம் அதிகமாகவே உதவிவிட்டார். அம்மா மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டித் தாலி செய்து கொடுத்தார். ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு வாரநாட்களில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி, சனி ஞாயிறுகளில் பூசை செய்துவந்த ஐயர், ஐயராகவே நடிக்க அழைக்கப்பட்டார்.

படப்பிடிப்பு முடிந்த வாரம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமா குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில், மல்லாந்து கிடந்தார். சாகிற காட்சிக்கு ஒத்திகை பார்ப்பதாகச் சொல்லி, என்னைப் பக்கத்தில் இருந்து அழச் சொன்னார். நான் மனப்பூர்வமாக ஓலமிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மாமா எழும்பியபோது அவருடைய கன்னம்தான் நனைந்திருந்தது.

"நீ அழுத அழுகையில எனக்கே அழுகை வந்திட்டுது, பிள்ளை," என்றார்.

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குப் பிறகு எந்த உத்தியோகத்திலும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் கலியாணக் காட்சி ஒளிபரப்பானது. மறுநாள் காலையிலேயே மருந்துக்கடைக்காரர் தொலைபேசியில் வந்து, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கலியாணம் முடிந்துவிட்டதே என்று விசாரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரவேற்பறையில் விசாரணை கூடியது. ஐயரையும் அழைத்திருந்தார்கள். பெண்ணும் வந்திருந்தாள், மாமாவின் பக்கம் பார்க்காமல் ஜன்னல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

அது வெறும் நடிப்பு என்று அப்பா தொடங்கினார்.

"நடிப்பெண்டு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்," என்றார் மருந்துக்கடைக்காரர். "அக்கினிக்குத் தெரியுமோ?"

அங்கே அக்கினியே இல்லை என்றார் அப்பா. தீ விபத்துக்குப் பயந்து, செம்மஞ்சள் தாளுக்குள் மின்விளக்கைத்தான் எரிய விட்டிருந்தார்கள். இது வலுவான வாதம். ஐயர் தொண்டையைச் செருமாமல் இருந்திருந்தால் வழக்கு அங்கேயே தள்ளுபடியாகியிருக்கும். மின்விளக்கைப் பார்த்து மந்திரம் சொல்ல மனம் வராமல், தான் ஒரு மூலையில் யாருக்கும் தெரியாமல் கற்பூரம் கொளுத்தியதாக அவர் அறிவித்தார்.

மந்திரம் முழுவதும் சொன்னீர்களா என்று அம்மா மெல்லக் கேட்டார்.

"அரைகுறையாச் சொல்ல எனக்குத் தெரியாது, அம்மா," என்றார் ஐயர். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி மறுபடி எடுத்தார்களாம். ஒவ்வொரு தடவையும் முழுவதும் சொன்னாராம். மாமாவும் ஒவ்வொரு தடவையும் மூன்று முடிச்சுப் போட்டாராம். மருந்துக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாத் தடவையும் ஒரே பெண்ணுக்குத்தான் என்று ஆறுதலும் சொன்னார்.

இதை அவிழ்க்க என்ன வழி என்று கேட்கப்பட்டது. தாலி ஏறிவிட்டால் புருஷன் போனால்தான் இறங்கும், வேறு ஏற்பாடு சாஸ்திரத்தில் தனக்குத் தெரிய இல்லை என்றார் ஐயர். விமான நிலையத்தில் தவறான விமானத்தில் ஏறிய பெட்டியைக்கூடத் திரும்ப எடுக்க வழி உண்டு. அதை அப்பா சுட்டிக்காட்டியும் பயன் இருக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மேலங்கியை எடுத்தார். பெண் திரையிலிருந்து கண்ணை எடுத்து அன்று முதல் தடவையாக மாமாவைப் பார்த்தாள்.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் சாகிறன்," என்றார்.

கடைக்காரரைச் சாகடித்துவிடும்படி தயாரிப்பாளர்களிடம் கேட்கப் போவதாகவும், அந்த வேடம் போனால் போகட்டும், தனக்கு இந்தப் பெண்தான் வேண்டும் என்றும், ஒரு கைதட்டலுக்கு இடம் விட்டு, மேடையில் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மருந்துக்கடைக்காரர் மேலங்கியைத் திரும்ப வைத்தார். என் மகளுக்காகச் சாவதற்கு ஆயத்தமான ஒருவனை எங்கே போய்த் தேடுவேன் என்று ஐயரிடம் கேட்டார்.

இதைத்தான் நாங்கள் ஏற்கெனவே குசினியில் பழகிவிட்டோமே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மாமா அதற்குள் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டார். ஆச்சரியத்தைக் கெடுக்க வேண்டாம் என்கிறார் போலும் என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

சில வாரங்களில் கடைக்காரர் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும்போதே தராசின் மேல் சரிந்து இறந்தார். இரண்டு வீட்டாரும் ஐயரும் எங்கள் தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தோம். குஜராத்தி நடிகை வெள்ளைச் சேலையில் வந்து, அம்மா செய்து கொடுத்த அதே தாலியைக் கழற்றி வைத்தாள். ஐயர் தலையாட்டினார்.

செத்த வீடு பார்த்தால் தலைமுழுக வேண்டும் என்று அம்மா முன்கூட்டியே சுடுதண்ணீர் போட்டிருந்தார். வரிசையாகப் போய்க் குளித்தோம். லண்டன் வீடுகளின் தண்ணீர்த் தொட்டி இரண்டு பேருக்கு மேல் தாங்காது. மருந்துக்கடைக்காரரின் முறை வந்தபோது பச்சைத் தண்ணீர். அது பெப்ரவரி மாதம். பல் கிட்டித்துக்கொண்டு வந்தவருக்குச் செத்தவரே தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு கழித்து நாள் வைக்கலாம் என்றார் ஐயர். அப்படியே வைத்தார்கள். அந்தப் பெண் இன்றும் என் மாமி.

கடைக்காரருக்குக் கலியாணம் வைத்ததே அவரைச் சாகடிப்பதற்குத்தான் என்பதை அன்று எங்களில் யாரும் அறியவில்லை. ஒரு இளம் விதவை கடை நடத்துவதுதான் கதைக்கு வேண்டியிருந்ததாம். மாமாவுக்கு அது குசினித் தரையில் கிடந்த நாளைக்கு முன்பே தெரியும். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவர் அதையே சீதனமாக்கி மாமனாரின் கையில் கொடுத்ததை, எத்தனையோ கலியாணங்கள் பதிந்த எனக்கு வேறெங்கும் காணக் கிடைக்கவில்லை.

ஆனால் அன்று நான் ஈரத் தலையோடு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நன்றாகச் செத்த ஒருவரை இனி விடமாட்டார்கள் என்ற பூரிப்பில் கேட்டேன்.

"இனி எப்ப மாமா சாவீங்கள்?"

"இனி அடிக்கடி, பிள்ளை," என்றார் மாமா.

சொன்னபடியே அதற்குப் பிறகு முப்பது வருடம் செத்துக்கொண்டிருந்தார். கிடங்குகளில், ஆஸ்பத்திரிகளில், ஒரு தடவை மறுபடியும் ஆற்றில். பெரும்பாலும் முதல் காட்சியிலேயே, பெயர் இல்லாமல். ஒவ்வொரு தடவையும் நான் கைதட்டினேன்.