மிளகாய்க்கு மேல் இரட்டை வலை

பதினொரு வருஷம். தொழிற்சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக, ஆயத்த ஆடை ஆலையில் தையல்காரி காஜாக்காவை ஜன்னலோரத்திலிருந்து எழுப்பி, இருட்டு மூலையில் கறுப்புத் துணிக்குக் காஜா போட வைத்தார் சூப்பர்வைசர். கண் பாழாய்ப் போனது.

ஓய்வு பெற்றதும் அதே சூப்பர்வைசர் அவள் குடியிருப்புக்கே குடிவந்தார். மொட்டைமாடிப் பசுமைக்குடிலில் யார் தொட்டி எங்கே என்று முடிவு செய்பவள் அக்காதான். வெயில் பக்கம் தன் பாகல் கொடியை ஏற்றினாள். அதன் பின்னால் அவருடைய மிளகாய்த் தொட்டிகள். மேலே இரட்டை நிழல்வலை.

"ஏம்மா, வெறும் இலையா நிக்குது. கொஞ்சம் வெளிச்சத்துல தள்ளி வையேன்."

"எங்க உக்காந்தா என்ன சார், வேலைதானே முக்கியம்? நீங்க அன்னைக்குச் சொன்னதுதான்."

வலை இறங்கவில்லை. அதே மாடியில் கீரைத் தொட்டி வைத்திருக்கும் எனக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

அந்த வருஷம் அவர் பறித்தது இரண்டு மிளகாய்.