மூன்றடிக் குழியும் என் கேள்விகளும்

எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு உயிரோடு வருவதற்கெல்லாம் நோட்டில் வரிசை எண் உண்டு; செத்து வருவதற்கு எண் கிடையாது, கேள்விகள்தான் உண்டு.

பழவேற்காட்டில் உதவியாளராக இருக்கிறேன். மாட்டைப் பிடிப்பது, ஆட்டை அமுக்குவது, டாக்டரம்மா கேட்பதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. வீட்டில் வளர்த்தது திடீரென்று போய்விட்டால், 'இப்போ இன்னா பண்றது?' என்று எல்லோரும் முதலில் கேட்பதும் என்னிடம்தான். பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் பரவாயில்லை. ஏன் செத்தது, எப்போது செத்தது, கடைசியாக என்ன தின்றது என்று துருவித் துருவிக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நீங்களும் ஒரு நாயையோ பூனையையோ மண்ணில் வைத்தவராக இருந்தால், அழுதுகொண்டிருந்த நேரத்தில் இப்படி ஒருத்தி வந்து நின்று உங்கள் உயிரை வாங்கியிருப்பாள். அந்த ஒருத்தி நான்தான், மன்னித்துவிடுங்கள். சமீபத்தில் ஒரு நாய் செத்ததில் ஒரு படகின் கூட்டே உடையப் பார்த்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் சின்னதாக இரண்டு.

குளிர்ச்சியாக வைக்கவும்

மீன் விற்கும் ஒரு அம்மா காலையில் போன் செய்தார். பூனை செத்துவிட்டது, சென்னையில் இருக்கும் மகள் சாயங்காலம் வந்து முகம் பார்க்கணும் என்கிறாள், அதுவரை எப்படி வைப்பது? வெறும் கையால் தொடாதீர்கள், துணியில் சுற்றிப் பையில் போட்டுக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள் என்றேன். புத்தகத்தில் இருப்பதும் அதுதான்.

மதியம் அந்தப் பக்கம் போனேன். கடையில் கூட்டமே இல்லை. இரண்டு ஐஸ் பெட்டிகளில் ஒன்றில் இறால், இன்னொன்றில் பூனை. எந்தப் பெட்டியில் எது என்று தெரியாமல், வாங்க வந்தவர்கள் இரண்டையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏம்மா இப்படி என்று கேட்டதற்கு அவர் என்னையே முறைத்தார்.

"நீதான யக்கா குளுகுளுன்னு வெய்யின்னு சொன்ன? இந்த வெயில்ல எங்க ஊர்ல குளுகுளுன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

மூன்றடி

புதைப்பதற்கு நான் சொல்லும் அளவு மூன்றடி. அதற்குக் குறைந்தால் மற்ற நாய்கள் தோண்டிவிடும். மேலே சுண்ணாம்பு, அதற்கு மேலே மண், கடைசியில் சீமைக்கருவேல முள். இதை நான் ஒப்பிப்பதைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன் என்று தெரியும். ஆனால் நான் பிறந்தது கடலை விட்டு உள்ளே தள்ளி, நெல் விளையும் ஊரில். அங்கே மூன்றடி தோண்டினால் மூன்றடியும் மண்தான் இருக்கும்.

கோட்டைக்குப்பத்தில் ஒருவர் நான் சொன்னபடியே வீட்டுக்குப் பின்னால் தோண்டியிருக்கிறார். பாதியிலேயே உப்புத்தண்ணீர் ஊறிவிட்டது. நாயை ஒரு பக்கம் கிடத்திவிட்டு, குழிக்குள் நின்றபடியே எனக்குப் போன் போட்டார்.

"யக்கா, நீ சொன்ன மூணு அடில ஒண்ணரை அடி தண்ணியாக் கீது. மீதிய எந்த ஊர்ல போய்த் தோண்டறது?"

முதல் பஸ்

இனி அந்தப் படகு. தோணிரேவைச் சேர்ந்த சேகரும் அவருடைய மச்சான் தேவராஜும் அதில் பாதிக்குப் பாதி. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை வைப்பது என்று ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முறை இல்லாத நாளில் கரையோரமாகச் சின்ன வலை போட்டுக்கொள்வார்கள். இவர்களுடைய பாடு இரண்டு நாள் கழித்து வர இருந்தது. இருவரும் சேர்ந்து இறங்காவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

அன்று காலை பத்து மணிக்குச் சேகர் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே சுறா. சுறா என்பது அவருடைய நாயின் பெயர். காலையில் கரையில் வாலாட்டிக்கொண்டு நின்றது, கொஞ்ச நேரத்தில் கக்கியது, பின்னங்கால் இழுத்துக்கொண்டது, முடிந்துவிட்டது. பெட்டியை அவரே திறந்து காட்டினார். அடுத்த நிமிடமே, விஷம் வைத்தது தேவராஜ்தான் என்று கத்த ஆரம்பித்தார். தேவராஜின் புது வலையின் மேல் சுறா காலைத் தூக்கியதாம். ஒருநாள் இதுக்கு மருந்து வைக்கிறேன் என்று தேவராஜ் நாலு பேர் முன்னால் சொன்னாராம். மருந்து வைக்கிறேன் என்று சொல்லாதவர் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அதைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

"அப்ப இன்னிக்குன்னு பாத்து இன்னாத்துக்கு முத பஸ்ஸப் புட்ச்சிப் பொன்னேரிக்கு ஓடினான்? இனிமே அவன் ஏற்ன படகுல நான் காலு வெக்க மாட்டேன்!"

பேசாத வாய்

சந்தேகமான சாவு என்றால் அறுத்துப் பார்ப்பதுதான் சரி. டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். அதற்குள் சேகரின் மனைவி லட்சுமி ஓடி வந்துவிட்டாள். கணவர் குற்றம் சாட்டுவது அவளுடைய கூடப்பிறந்த அண்ணனை. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பொன்னேரி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு, விஷயம் கேள்விப்பட்டுத் தேவராஜும் வந்தார். கன்னம் ஆப்பம் மாதிரி வீங்கியிருந்தது, வாயில் பஞ்சு. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். மரத்துப்போன வாயால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை. இல்லை, இல்லை என்று கையை ஆட்டினார், கன்னத்தைக் காட்டினார், சேகரோடு ஊரிலிருந்து வந்து நின்றவர்களைப் பார்த்தார். பேச முடியாத ஆள் எப்படித் தன் பக்கத்தைச் சொல்வான்? சேகருக்கு அந்த மௌனமே சாட்சியாகிவிட்டது. லட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்தது நாயி யக்கா. எனக்குப் பொறந்த வூடு இருக்குமா இருக்காதான்னு உள்ள போய்க் கேட்டுச் சொல்லு."

கடைசியாக என்ன தின்றது

நாயின் வயிற்றில் சின்ன மீன்கள் இருந்தன. நடுவில் முள்முள்ளாக ஒரு தோல். பேத்தை. பிடித்தால் பந்தாக உப்பிக்கொள்ளும் விஷமீன். வலையில் சிக்கினால் கழித்துப் போட்டுவிடுவார்கள். "காலையில பிடிச்ச மீன்தான், புத்தம் புதுசா இருக்கு" என்றார் டாக்டரம்மா. எனக்கு அங்கேயே குடைய ஆரம்பித்துவிட்டது. கரையில் கிடக்கும் பேத்தையை ஊர் நாய்கள் தொடாது, முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். இது மட்டும் ஏன் தின்றது?

வெளியே வந்து சேகரிடம் கேட்டேன். தேவராஜ் போட்டால் சுறா தின்னுமா? சேகருக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னைத் தவிர யார் போட்டாலும் தின்னாது, கீழே கிடப்பதில் வாய் வைக்காது, அப்படிப் பழக்கியிருக்கிறேன் என்றார். இன்றைக்கு மீன் போட்டது யார் என்றேன். தேவராஜ் இல்லாததால் இரண்டு ஆள் வேலையையும் ஒற்றை ஆளாகப் பார்த்தாராம். வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டே பின்பக்கம் பார்க்காமல் பொடி மீனைத் தூக்கித் தூக்கிப் போட்டாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். நானாவது அங்கே வாயை மூடியிருக்கலாம். பார்க்காமல் போட்டதில் பேத்தை இருந்திருக்குமா என்று அதையும் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"மோந்துகூடப் பாத்திருக்காது யக்கா. நான் போட்டா மோந்து பாக்காது."

நேற்றைய மீன்

தேவராஜ் வாயிலிருந்த பஞ்சை எடுத்து எறிந்தார். வார்த்தை குழறினாலும் புரிந்தது. "அது நேத்தே வலையில கெடந்த பேத்தைடா. நான்தான் ஒயுங்கா ஒதறாம வுட்டுட்டேன். எம்மேலதான் தப்பு." நேற்றைய மீனுக்கும் இன்றைய மீனுக்கும் வித்தியாசம் எனக்கே தெரியும். பிறந்ததிலிருந்து மீனோடு இருக்கும் சேகருக்குத் தெரியாதா? புத்தம் புதிய மீன் என்று டாக்டரம்மா சொன்னதும் என் காதில் இருந்தது. நாக்கு நுனிவரை கேள்வி வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதை விழுங்கினேன்.

சேகர் மச்சானுடைய வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். கேட்காமலே தேவராஜ் மறுபக்கத்தைப் பிடித்தார். லட்சுமி அப்போதுதான் அழுதாள். தூக்கிக்கொண்டே சேகர் சொன்னார்:

"குழில தண்ணி வரும்டா. நான் தோண்டறேன், நீ எறை."

பிராணி திடீரென்று செத்தால் என்ன செய்வது என்று இப்போது யாராவது கேட்டால், ஐஸ், சுண்ணாம்பு, மண் கிடைக்கிற வரைக்கும் குழி என்று சொல்லிவிட்டு, கேள்வி கேட்க வருகிறவளை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள் என்று நானே சேர்த்துச் சொல்கிறேன்.