சந்தனம் வைத்த லண்டன் பையும் கொட்டாஞ்சேனைவரை ஒரு சனிக்கிழமையும்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். பகிரவும் வேண்டாம், படம் பிடித்து குரூப்பில் போடவும் வேண்டாம். முக்கியமாக நீங்கள் வெள்ளவத்தையில் இருப்பவராக இருந்தால். இங்கே ஒரு மாடியில் தும்மினால் அடுத்த ஒழுங்கையில் மருந்து சொல்வார்கள். இந்த வலைப்பதிவு எழுதுவது யாரென்று இதுவரை வீட்டில் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் அக்கா படுத்திருக்கிறாள், போர்வைக்குள் போனை வைத்து எழுதுகிறேன்.

வழக்கமாக இங்கே ரயில் பயணங்களைப் பற்றி எழுதுவேன். இது ஊருக்குள்ளேயே போய் வந்த பயணம். வெளிநாட்டுக் கடையிலிருந்து வந்த விலையுயர்ந்த பொருளைக் கொழும்பிலிருந்து திருப்பி அனுப்புவது எப்படி என்று தேடியபோது தமிழில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். இரண்டு தடவை வீடியோவில் கதைத்தார்கள். அந்த இரண்டு தடவையும் அவர் அக்காவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அக்கா வேண்டாம் என்றாள். அதற்குள் அவர் அங்குள்ள பெரிய கடையொன்றிலிருந்து ஒரு கைப்பையை எங்கள் முகவரிக்கே அனுப்பிவிட்டார். 1,450 பவுண்ட். எங்கள் காசுக்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் லட்சம்.

அம்மா அதைச் சாமியறையில் வைத்து விளக்கேற்றி, புதுப் பொருட்களுக்கெல்லாம் வைப்பது போல ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். வெண்ணெய் நிறத் தோல். பொட்டு மூடியின் நடுவில்.

அக்கா மறுபடியும் வேண்டாம் என்று சொன்னபோது அம்மா சத்தம் போடவில்லை. "பை வீட்டுக்குள்ள வந்திட்டுது. இனி என்ன கதை? வேண்டாமெண்டால் வந்த அண்டைக்கே திருப்பியிருக்க வேணும்" என்றார். அக்கா மாப்பிள்ளைக்கு நேரே எழுதிப் பார்த்தாள். பெரியாக்கள் பார்த்துக்கொள்ளுவினம் என்று அவர் பதில் போட்டார். அப்பா வவுனியாவில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வந்து, அம்மா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவார்.

ஆக, அந்தப் பை எங்கள் வீட்டில் இருக்கும்வரை அக்கா சம்மதித்ததாகத்தான் அர்த்தம்.

அக்கா கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். கிடைத்து முப்பது நாட்களுக்குள் திருப்பலாம், பணம் வாங்கியவரின் கார்ட்டுக்கே போகும் என்றார்கள். பிரித்தானியாவுக்கு வெளியே இருந்து அனுப்பினால் செலவு நம்முடையது. பாவித்த அடையாளம் இருந்தால் ஏற்க மாட்டார்கள், பையைத் திரும்ப எங்களுக்கே அனுப்புவார்கள், அந்தச் செலவும் நம்முடையது. அக்காவுக்குப் பிடித்த வரி, பணம் அவருடைய கார்ட்டுக்கே போகும் என்பது. "அப்ப நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. வங்கியே சொல்லும்" என்றாள்.

அக்காவின் அலுவலகம் சனிக்கிழமையும் உண்டு. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அம்மா பக்கத்தில். எனக்கு மட்டும்தான் சனிக்கிழமைகளில் ஏ.எல். ரியூசன் என்று ஒரு சாட்டு இருந்தது.

பூசை முடிய அம்மா பையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தன் அலுமாரிக்கு மேலே ஏற்றியிருந்தார். வெளிப்பெட்டியை வெறும் பெட்டியாக அங்கேயே விட்டுவிட்டு, உள்ளே இருந்த கடைப்பெட்டியை மட்டும் முதல்நாள் எடுத்து எங்கள் அறையில் ஒளித்தோம். குங்குமத்தை அக்கா மெல்லிய துணியால் துடைத்திருந்தாள். அது போய்விட்டது. சந்தனம் போகவில்லை. ஐந்து ரூபா நாணயக் குற்றியளவில் மஞ்சள் வட்டமொன்று நின்றுவிட்டது. பார்க்காமல் விடுவார்கள் என்று அக்கா சொன்னாள். அவளே அதை நம்பவில்லை.

காலை எட்டரைக்குப் புறப்பட்டேன். பெட்டியைப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தேன். என்னவென்று அம்மா கேட்டார். ரியூசனுக்கு முதல் பாடசாலைக் கண்காட்சிக்குக் கொடுக்கும் மொடல் என்றேன். கவனமாகக் கொண்டுபோ, நசிந்துவிடும் என்றார்.

காலி வீதியில் பஸ் எடுத்துக் கொள்ளுப்பிட்டிக்குப் போனேன். ஐந்து கிலோமீற்றர்கூட இல்லை, ஐம்பது ரூபா. பெட்டியோடு ஏறுவதாக இருந்தால் முன்வாசலால் ஏறிச் சாரதிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நான் பின்வாசலால் ஏறி, பம்பலப்பிட்டி தாண்டும்வரை பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள்மூட்டு இரண்டு நாட்கள் வலித்தது.

கொள்ளுப்பிட்டியில் பெரிய கூரியர் நிறுவனம் ஒன்று இருக்கிறது. குளிரூட்டி, கண்ணாடி மேசை, வரிசை இலக்கம். அங்கிருந்த பெண் என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிட்டு அன்பாகத்தான் சிங்களத்தில் விளக்கினார். பொருள் இரண்டு கிலோ என்றாலும் அவர்களுடைய அளவுப் பெட்டிக்குள் வைத்தால் ஆறு கிலோவாகக் கணக்கிடுவார்களாம். நிறையைவிட இடத்துக்குத்தான் காசு. 38,900 ரூபா, காப்புறுதி வேறு. அக்கா தந்துவிட்டது 25,000. சிறிய பெட்டியில் வைக்க முடியாதா என்று கேட்டேன். அவர்களிடம் சிறியது இல்லை. நன்றி சொல்லி வெளியே வந்து, வெயிலில் நின்று அக்காவுக்கு அழைத்தேன். அவள் கூட்டத்தில் இருந்தாள். கொட்டாஞ்சேனைக்குப் போ, அங்கே வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும் கடைகள் இருக்கின்றன என்று ஒரு வரி எழுதிப் போட்டாள்.

பெட்டியோடு இன்னொரு பஸ் ஏற என்னால் முடியவில்லை. ஓட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீற்றர் அளவில், 650 ரூபா. சாரதி மாளிகாவத்தைக்காரர், அப்பாவின் வயது இருக்கும். புறக்கோட்டைப் பக்கம் போனால் நெரிசல் என்று தன் வீட்டு வழியாலேயே கொண்டுபோனார்.

"பெட்டிய மடியில வெச்சிக்கோங்க மகள். ரோட்டெல்லாம் பள்ளமா ஈக்கிது" என்றார். கொஞ்சத் தூரம் போய், எங்கே அனுப்புவது என்று கேட்டார். லண்டனுக்கு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கட மகன் கட்டார்ல ஈக்கிறான். அங்க இரிந்து சாமான் வாரது. இங்க இரிந்து திரும்பிப் போறத இண்டைக்குத்தான் காணுறன்."

ஆமர் வீதிச் சந்தியில் நீண்ட நேரம் நின்றோம். பெட்டியின் மேல் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் முதலாவது கடை பூட்டியிருந்தது. இரண்டாவது கடையில் கடல்வழிப் பார்சல் மட்டும்தான், போய்ச் சேர இரண்டு மாதம். மூன்றாவது கடை ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில். மிளகாய்த்தூள் மணம், தரை முழுவதும் கட்டி முடித்த பெட்டிகள். அங்கே நான் முதலில் கண்டது எங்கள் மாடித்தொகுதியில் நாலாம் மாடியில் இருக்கும் அன்ரியை. ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்குச் சரக்குத்தூள் அனுப்ப வந்திருந்தார்.

திரும்பி ஓடத்தான் நினைத்தேன். அவர் கண்டுவிட்டார்.

"நீயென்ன பிள்ளை இஞ்ச? கிளாஸ் இல்லையோ?"

அக்காவின் சப்பாத்து, சைஸ் பிழை, கடைக்குத் திருப்பி அனுப்ப வேணும் என்று சொன்னேன்.

"ஒரு சோடிச் சப்பாத்தைக் கப்பல் ஏத்தித் திருப்புறீங்களோ? என்ர காலுக்குக் காட்டியிருந்தால் விசயம் முடிஞ்சிருக்கும்" என்று சொல்லித் தன் காலை நீட்டிக் காட்டினார். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போகும்வரை பெட்டியைச் சுற்றிய தாளை நான் அவிழ்க்கவில்லை. படியிறங்கும்போது, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு என்றார்.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். சுங்கத்துக்காகத் திறந்து பார்க்க வேண்டும் என்று பெட்டியைத் திறந்தார். பையைக் கண்டதும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். சப்பாத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுக்குப் பூச வெச்சிட்டீங்களா?"

"அம்மா வைச்சவ."

"வெள்ளக்காரன் கேப்பானே பாப்பா."

தெரியும் என்றேன். பெறுமதியை நூறு பவுண்ட் என்று போடட்டுமா, செலவு குறையும் என்று கேட்டார். அப்படிப் போட்டால் தொலைந்தாலும் நூறு பவுண்ட்தான் கிடைக்கும், ரசீதோடும் பொருந்தாது. வேண்டாம் என்றேன். பிறகு லண்டன் கடை அனுப்பியிருந்த திருப்பல் தாளில், பொருளின் நிலை என்ற இடத்தைக் காட்டினார். "இங்க ஒண்ணும் எழுதாம விடுங்க. வர்ற வழியில பட்டதுன்னு நெனச்சுக்குவாங்க."

அக்கா சொன்னதும் அதுதான். ஒன்றும் எழுதாதே என்று. பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காலையிலிருந்து அம்மாவிடம் ஒரு பொய், அன்ரியிடம் ஒரு பொய். மூன்றாவதைச் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் புதிய பொருளுக்குச் சந்தனம் வைப்பது வழக்கம், மூடியில் இருப்பது அந்தக் கறை, பை ஒரு நாளும் வெளியே போகவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஏற்காவிட்டால் அது திரும்பி எங்கள் வாசலுக்கே வரும். அம்மாதான் கதவைத் திறப்பார்.

கடைக்காரர் வாசித்துவிட்டு, "சரி, ஒங்க இஷ்டம்" என்றார். பழைய அட்டைகளை வெட்டிக் கடைப்பெட்டிக்கு அளவாக ஒரு வெளிப்பெட்டி செய்தார். அதனால் ஆறு கிலோ மூன்றரையாகக் குறைந்தது. அனுப்பும் செலவு 16,400, காப்புறுதி 5,800, பெட்டிக்கு 800. மொத்தம் 23,000. அக்காவின் அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்தேன். தொலைபேசி இலக்கத்துக்கு அக்காவின் அலுவலக இலக்கத்தைக் கொடுத்தேன்.

திரும்பி வர 155ஆம் இலக்க பஸ். கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து வெள்ளவத்தைக்கு மாறாமல் வரலாம், ஆனால் ஊரெல்லாம் சுற்றும். இருக்கை கிடைத்தது. மடி வெறுமையாக இருந்தும் கைகள் இரண்டையும் பெட்டியைப் பிடிப்பது போலவே வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டேன். இறங்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. கண்காட்சி எப்படி என்று அம்மா கேட்டார். மொடலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்றேன்.

இரவு அக்காவிடம் எழுதியதைச் சொன்னேன். ஏசவில்லை. "அப்ப திரும்பி வரும்" என்று மட்டும் சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு வாசல் மணி அடித்த ஒவ்வொரு தடவையும் நான்தான் ஓடினேன். பால்காரர், மின்சாரப் பட்டியல், பாமன்கடையிலிருந்து சித்தி. ஒரு தடவை நாலாம் மாடி அன்ரி. சீனி கேட்டு வந்தார். வாசலில் நின்று அம்மாவோடு கதைத்த நேரம் முழுவதும் நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சப்பாத்து அவர் நினைவில் இல்லை.

இன்று பின்னேரம் லண்டன் கடையிலிருந்து பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். கறையைப் போக்க அறுபது பவுண்ட் கழித்துக்கொண்டு, மிச்சம் 1,390 பவுண்டை அவருடைய கார்ட்டுக்கு இன்றே அனுப்பிவிட்டார்களாம். மறைத்திருந்தால் ஏற்றிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அக்கா அதை மூன்று தரம் வாசித்தாள். பிறகு, அம்மாவின் சந்தனத்துக்கு லண்டனில் அறுபது பவுண்ட் என்று சொல்லி, தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடியும்போது அழுகை போல இருந்தது.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடைப்பெட்டி, தூசுத் துணிப்பை, ரசீது எல்லாவற்றையும் வைத்திருங்கள். வெளிப்பெட்டி தேவையில்லை. அளவாகப் பெட்டி செய்து தருவார்களா என்று முதலில் கேளுங்கள், செலவின் பாதி அதில்தான் இருக்கிறது. உண்மையான பெறுமதியைப் போட்டுக் காப்புறுதி செய்யுங்கள். திரும்பும் பொருள் என்று சுங்கத் தாளில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அங்கே வரி கேட்பார்கள். காலையிலேயே போங்கள், சனிக்கிழமை ஒரு மணிக்கு மேல் பல கடைகள் பூட்டு. முக்கியமாக, வைத்திருப்பதா திருப்புவதா என்று முடிவாகும்வரை சந்தனம் வைக்க விடாதீர்கள். வைத்துவிட்டால் சொல்லிவிடுங்கள்.

நான் மிகவும் களைத்துப்போனேன். ஒரு பையைத் திருப்பி அனுப்ப இவ்வளவு என்றால், ஒரு 'வேண்டாம்' சொல்ல அக்கா எவ்வளவு களைத்திருப்பாள் என்று யோசிக்கிறேன். அம்மாவும் கெட்டவர் இல்லை. அதையும் எழுத வேண்டும். அந்தப் பொட்டை வைக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றதை

ஹோலில் தொலைபேசி அடிக்கிறது. இந்த நேரத்தில் லண்டனிலிருந்துதான் எடுப்பார்கள், அங்கே இப்போதுதான் வேலை முடிந்து வரும் நேரம். அம்மா எடுத்துவிட்டார். "ஓம் தம்பி, சொல்லுங்கோ" என்கிறார். பிறகு, "காசு திரும்பி வந்திட்டுதோ?" என்கிறார். இப்போது, "எனக்குத் தெரியாது தம்பி" என்கிறார். வைத்துவிட்டார்.

அக்கா நித்திரை இல்லை. எழும்பி இருந்து தலைமயிரை முடிகிறாள். "நீ படு. உனக்கு ஒண்டும் தெரியாது. நான் கதைக்கிறன்" என்கிறாள்.

அம்மா எங்கள் அறைக் கதவைத் தட்டுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, தட்டுகிறார். அக்கா விளக்கைப் போட்டுவிட்டாள், கதவுப் பக்கம் போகிறாள், நானும்